இரும்பு உடம்புக்குள் போன கதை

புதுக்கோட்டை நகரை ஒட்டிய பொற்பனைக்கோட்டையில் 2021-லும் 2023-லும் அகழாய்வு நடந்தது. பெயரில் பொன் இருந்தாலும் அந்த வட்டாரம் இரும்பு உருக்கிய பூமி. செம்புறாங்கல் நிலத்தில் பழைய உலைகளின் கசடு இன்றும் காலில் இடறும்.

ஏரும் அரிவாளும் ஆன அதே இரும்பைத் தமிழ் வைத்தியர்கள் மருந்தாகவும் ஆக்கினார்கள். அதுதான் அயச் செந்தூரம், சோகைக்குத் தருவது. அரப்பொடியைச் சுத்தி செய்து, கல்வத்தில் இட்டு, மூலிகைச் சாறு விட்டு அரைப்பார்கள். வில்லை தட்டிக் காயவைத்து, இரண்டு அகலுக்கு நடுவே வைத்து, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். ஆறியதும் மறுபடி அரைப்பு, மறுபடி புடம். செந்தூரம் தேறியதா என்று பார்க்க நுண்ணோக்கி ஏது? பொடி தண்ணீரில் மிதக்க வேண்டும், விரல் ரேகைக்குள் படிய வேண்டும், உலோக மினுக்கு துளியும் இருக்கக் கூடாது.

இன்றைய மின்னணு நுண்ணோக்கியில் இத்தகைய செந்தூரங்களில் நானோ அளவுத் துகள்கள் தென்பட்டிருக்கின்றன. உடனே ‘சித்தர்களுக்கு நானோ தெரியும்’ என்று மேடையில் முழங்குவது அவசரம். நேர்த்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அளவு தெரியாது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தவிர, புடம் சரியாகப் போடாத உலோக மருந்து உடம்பைக் கெடுக்கும்.

இரும்பை நானோ அளவில் அடக்கும் வித்தையில் உடம்பே கைதேர்ந்தது. ஃபெரிட்டின் என்ற புரதக்கூடு சுமார் 12 நானோமீட்டர் அகலம்தான். அதற்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரும்பு ரத்தத்தில் கட்டவிழ்ந்து திரிந்தால் நஞ்சு, அதனால்தான் இந்தக் காவல்.

அதே உபாயத்தில் உருவானதுதான் அயர்ன் சுக்ரோஸ் ஊசி. இரும்பு ஹைட்ராக்சைடு கருவைச் சர்க்கரை போர்த்தியிருக்கும். கல்லீரல், மண்ணீரல் செல்கள் அந்தத் துகளை விழுங்கி, இரும்பை மெல்ல மெல்ல விடுவிக்கும். அமெரிக்காவில் 2000-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மாத்திரை ஒத்துக்கொள்ளாத, சோகை முற்றிய கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த மருந்தை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள்.

ஐந்து மில்லி குப்பியில் 100 மில்லிகிராம் இரும்பு. நிறம் கரும்பழுப்பு. செவிலியர் அதை உப்புநீரில் கலந்து, ஒவ்வாமை ஏதும் தெரிகிறதா என்று முகம் பார்த்தபடியே சொட்டுச் சொட்டாக விடுகிறார்.