வடகரை வழி

வெளியூரிலிருந்து வரும் நண்பரைச் சென்னையைச் சுற்றிக் காட்ட அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் தெற்கு நோக்கியே வண்டியைத் திருப்புகின்றனர். மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், நேரமிருந்தால் மாமல்லபுரம் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. இராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் குடியிருப்போர்கூட இதற்கு விலக்கல்லர். ஆயினும் இவ்வழக்கம் மிகப் பழமையானதன்று. மெரினா என்னும் பெயரும் அக்கரையின் அகன்ற மணல்வெளியும் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, புலவரும் இசைவாணரும் விருந்தினராய் வந்து தங்கிய கடற்கரை வடக்கே இருந்தது. அது திருவொற்றியூர்.

நண்பர் இருவர் ஊர் சுற்றுவதை இலக்கியமாக்கும் மரபு இந்நகருக்குப் புதிதன்று. ஏறத்தாழ 1800ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த ‘சர்வதேவ விலாசம்’ என்னும் வடமொழி நூலில், புலவர் இருவர் சென்னையைச் சுற்றி வந்து கோயில்களையும் புரவலர்களையும் கண்டு உரையாடுகின்றனர். ஆசிரியர் பெயர் தெரியாத அந்நூலை டாக்டர் வே. இராகவன் பதிப்பித்தார். ஆனால் ஒற்றியூர் கண்ட பெரும் விருந்தினர் ஒருவர் அப்புலவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவர்.

எட்டாம் நூற்றாண்டினரான சுந்தரர் இவ்வூருக்கு வந்து சங்கிலியாரை மணந்த வரலாற்றைச் சேக்கிழார் விரிவாகக் கூறுகிறார். ஊரை விட்டு நீங்குவதில்லை என்று மகிழ மரத்தடியில் சுந்தரர் சூளுரைத்தார். பின்பு ஆரூர் நினைவு மேலிட, சூளுறவை மீறி எல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார். வந்த விருந்தினர் போகாதிருக்கச் சத்தியம் வாங்கிக்கொண்ட ஊர் வேறு உண்டோ என்பது தெரியவில்லை! மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக அந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் இக்கோயிலின் கருவறை கல்லால் எடுப்பிக்கப்பட்டது. கட்டிய தச்சனின் பெயர் இரவி என்பதைக் கல்வெட்டு காத்து வைத்திருப்பது சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அரசன் பெயரே நிற்கும் கல்லில் உழைத்தவன் பெயரும் நிற்பது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழி மேலும் பொலிவுற்றது. காக்ரேன் கால்வாய் என முதலில் வழங்கப்பட்டுப் பின்பு பக்கிங்காம் கால்வாய் ஆன நீர்வழி 1806ஆம் ஆண்டளவில் எண்ணூர் வரை வெட்டப்பட்டது. விறகும் உப்பும் படகில் நகருக்கு வந்தன. வெள்ளையர் இளைப்பாறுவதற்கு எண்ணூரை நாடினர். 1830களின் பிற்பகுதியில் முதுமைப் பருவத்தில் இப்பக்கம் வந்த தியாகராசர், தம் மாணாக்கரும் திருவொற்றியூரில் பிறந்தவருமான வீணை குப்பய்யரின் அன்பிற்கு இணங்கி ஒற்றியூருக்கு எழுந்தருளினார். வடிவுடையம்மன் மீது அவர் தெலுங்கில் பாடிய ஐந்து கீர்த்தனைகள் ‘திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம்’ எனப்படுகின்றன. சுத்த சாவேரி, பேகடை, ஆரபி, கல்யாணி, சாவேரி என ஐந்து இராகங்கள். ஏழுகிணற்றில் வாழ்ந்த இளைஞர் இராமலிங்கர் நடந்தே வந்து வழிபட்டதும் இதே காலத்தை ஒட்டியதுதான். அவர் குடியிருந்த வீராசாமிப் பிள்ளைத் தெருவிலிருந்து கோயில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவு. வடிவுடை மாணிக்கமாலை அந்நடையின் பயன். 1858ஆம் ஆண்டில் அவர் சென்னையை விட்டு நீங்கினார்.

தியாகராசர் வந்தபோதோ வள்ளலார் நடந்தபோதோ சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. கோட்டையின் கிழக்குச் சுவருக்கு அருகே கடல் இருந்தது. 1842ஆம் ஆண்டில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸும் நீருக்கு அருகிலேயே இருந்தது. இன்று அங்கே நிற்பவர் அலையைத் தொட நெடுந்தூரம் மணலில் நடக்க வேண்டும்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது? இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் பல இலட்சம் கனமீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்லும். 1875ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் துறைமுகச் சுவர்களை நீட்டினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். சுவர் மணலை மறித்தது. தென்புறம் கரை ஆண்டுதோறும் அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டளவில் அதனருகே உலாவுசாலை அமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார். கிழக்கு வாயில் மணலால் தூர்ந்து வந்ததால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுக வாயிலையே வடகிழக்குக்கு மாற்ற நேர்ந்தது.

வடபுறமோ, வர வேண்டிய மணல் வராமல் பசித்தது. கடல் கரையையே தின்றது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று அரிப்பு படிப்படியாக வடக்கே நகர்ந்தது. மீனவக் குப்பங்களில் தெருத்தெருவாக வீடுகள் கடலுக்குள் சென்றன. மெரினாவில் நண்பரோடு அமர்ந்து கவிதை பேசுவோர் அமர்ந்திருப்பது வடகரைக்குச் சேர வேண்டியிருந்த மணலின்மீது. இதை அறியாமல் மெரினாவைப் பாடுவது பாதிக் கடற்கரையைப் பாடுவதே.

ஆகவே விருந்தினரை அழைத்துச் செல்லும் வண்டி ஒருமுறையேனும் வடக்கே திரும்புதல் வேண்டும். 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் வாலாசா நோக்கிப் புறப்பட்ட இராயபுரம் நிலையம் இன்றும் அதே தூண்களோடு நிற்கிறது. அங்கிருந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்தால், சாலையின் வலப்புறம் மணலுக்குப் பதிலாகக் கருங்கற் குவியல். இடப்புறம் கொள்கலன் லாரிகளின் வரிசை. ஒற்றியூரில் பட்டினத்தார் அடங்கிய இடம் கடலோரத்தில் உள்ளது. காதற்ற ஊசியின் வழி நிலையாமையை உணர்ந்தவர் கோயிலுக்கு எதிரே கல்லணை கட்டிக் கடலைத் தடுக்கிறார்கள். எண்ணூர் அருகே கடலில் 2017ஆம் ஆண்டு சனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயையும், 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயையும் அப்பகுதி மீனவர் மறக்கவில்லை. மணலி வழியே திரும்பினால் கொடுங்கையூர். நகரின் பெரும்பங்குக் குப்பை 1980கள் முதல் இங்கே கொட்டப்பட்டு, முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. விருந்தினருக்கு இதையும் காட்டுவதா என்று தயங்குவோர் உண்டு. இவ்வூரில் இருந்து எழுதும் கவிஞர் தயங்க வேண்டியதில்லை.

திருவொற்றியூர்க் கரையில் அண்மைப் பத்தாண்டுகளில் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. அவற்றின் இடையே சில இடங்களில் மீண்டும் மணல் சேர்ந்திருக்கிறது. அகலம் அதிகமில்லை; படகுகளை ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் போதுமான அளவு.