விற்ற பொருளும் பழகிய முகமும்

கரமனை ஆற்றங்கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடைத்தெரு என்றால் அது சாலைக் கடைத்தெருவே ஆகும். கிள்ளிப்பாலத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை நீளும் அவ்வங்காடி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசரால் அமைக்கப்பெற்றது. தமிழ் வணிகர் பலர் அங்கே கடை வைத்துப் பிழைத்தனர். எழுத்தாளர் ஆ. மாதவன் அத்தெருவிலேயே கடை நடத்தி, அத்தெருவின் மாந்தரையே கதைகளாக்கினார்.

இத்தகைய அங்காடியில் ஒரு வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். நேற்று வாங்கிய சேலையில் இழை விட்டிருந்தால், இன்று அதை எடுத்துச் சென்று காட்டுகிறோம். கடைக்காரர் நம் தந்தையை அறிந்தவராயின், மறுபேச்சின்றி வேறு சேலை எடுத்துத் தருகிறார். இதற்கு எழுதிய விதி எதுவுமில்லை, முகதாட்சணியமே விதி. ஆனால் நேற்றுத்தான் ஊருக்கு வந்து இறங்கியவனுக்குப் பழகிய முகம் ஏது? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையே அவனை எதிர்கொள்கிறது. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் அப்பலகையின் முன் ஒருமுறையேனும் நின்றிருக்கிறோம்.

முகமறியாதவனுக்கும் நியாயம் வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதன்று. விற்றபின் மனம் மாறுவதற்கு வணிகருக்கு ஓர் இரவும், உழவருக்கு மூன்று இரவும், ஆநிரை மேய்ப்போருக்கு ஐந்து இரவும் தவணை தந்தது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். நாரத ஸ்மிருதியோ பொருளுக்கேற்பச் சோதனைக் காலம் வகுத்தது: துணிக்கும் இரும்புக்கும் 1 நாள், கறவை மாட்டுக்கு 3 நாள், சுமை மாட்டுக்கு 5 நாள், முத்துக்கும் வைரத்துக்கும் பவளத்துக்கும் 7 நாள், விதைக்கு 10 நாள். கறவையைக் கறந்து பார்த்தாலன்றி அதன் பால் வளம் தெரியாது என்பதை அந்நூலோர் அறிந்திருந்தனர். வாங்கியவனையும் அவர்கள் கட்டுப்படுத்தாமல் விடவில்லை. உடுத்துக் கசங்கி அழுக்கேறிய ஆடை, குறையுடையதாகவே விற்கப்பட்டிருப்பினும், விற்றவனிடம் திரும்பச் செல்லாது என்றும் விதித்தனர்.

மேலைநாட்டில் இப்பிரச்சினை பெரிதாக எழுந்தது, கடையும் வாங்குவோரும் ஒருவரையொருவர் காணாத அஞ்சல் வணிகம் வளர்ந்தபோதுதான். சிகாகோ நகரில் 1872-இல் அத்தொழிலைத் தொடங்கிய மாண்ட்கோமெரி வார்டு, பொருள் மனநிறைவு தராவிடில் பணம் திருப்பித் தரப்படும் என 1875-இல் உறுதி கூறினார். தொலைவிலிருந்த உழவர்கள் அவ்வுறுதியை நம்பியே பணம் அனுப்பினர். முகதாட்சணியம் செய்த வேலையை அங்கே ஓர் அச்சிட்ட வாக்குறுதி செய்தது.

நம் நாட்டில் அவ்வேலையை இன்று சட்டம் செய்கிறது. முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. அதனிடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என அது கூறுகிறது. ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. வாங்கிய ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதுமில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கரமனையில் வாழும் ஒருவர் மதுரைக்குச் சென்றபோது வாங்கிய பொருளுக்காகத் திருவனந்தபுரத்திலேயே நியாயம் கேட்கலாம். புலம்பெயர்ந்தோருக்கு இது சிறிய உதவியன்று.

எனினும் சட்டம் காப்பது குறையுள்ள பொருளை வாங்கியவனையே. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்புவதைக் கடைக்காரர் ஏற்பாராயின் அது பெரும்பாலும் அவருடைய பெருந்தன்மை. பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எல். எல். பீன் என்பவர் 1912-இல் விற்ற முதல் 100 இணைக் காலணிகளில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் நிறுவனம் காலவரையறையின்றிப் பொருளைத் திரும்பப் பெறும் வழக்கத்தை நெடுங்காலம் காத்தது. பல்லாண்டு பயன்படுத்தித் தேய்ந்தவற்றையும் சிலர் கொண்டுவந்து பணம் கேட்கவே, 2018-இல் ஓராண்டு என்று வரையறுத்தது. அழுக்கேறிய ஆடை பற்றி நாரத ஸ்மிருதி எச்சரித்தது இதைத்தானே?

நேயர்களே, நாம் புதிய ஊரில் ரசீதைப் பத்திரப்படுத்துவோம். நம் உரிமையைத் தயங்காமல் கேட்போம். உடுத்திக் களைந்ததைப் புதியதென்று நீட்டாதிருப்போம். நமக்குப் பின் அதே கடைப்படியேறும் இன்னொரு தமிழனை, அவன் முகமறியாதவனாயினும், கடைக்காரர் நம்பும்படி நடந்துகொள்வது நம் பொறுப்பாகும்.