கூட்டு மனமும் ஒட்டுண்ணிப் பகைவனும் – விஞ்ஞானப் புனைகதையில் ஓர் அச்சத்தின் வரலாறு

காவியங்களிலும் நாடகங்களிலும் வரும் பகைவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு முகம் உண்டு. அவன் இழைக்கும் தீமைக்குப் பேராசை, பழிவாங்கும் வேட்கை, செருக்கு என ஏதேனும் ஒரு காரணமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானப் புனைகதையோ இம்மரபினின்றும் விலகிய ஒரு பகைவனைப் படைத்தது. அவன் தனியொருவன் அல்லன். எண்ணற்ற உடல்களிற் பரந்து கிடக்கும் ஒரே மனம். பிறர் உடலைப் பற்றி, அவர்தம் நாவாற் பேசி, அவர்தம் கையாற் செயற்படும் ஒட்டுண்ணி. இத்தகையதொன்றுக்கு ஆளுமை என ஒன்று உண்டா? அதனை இயக்கும் நோக்கம் யாது? இவ்வினாக்களுக்கு எழுத்தாளர் அளித்த விடைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கற்பனையின் வேர் உயிரியலில் உள்ளது. அமெரிக்க அறிஞர் வில்லியம் மோர்ட்டன் வீலர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், எறும்புக் கூட்டம் முழுவதையும் ஓர் உயிரியாகவே கருதலாம் என வாதிட்டார். பிரித்தானிய எழுத்தாளர் ஒலாவ் ஸ்ரேப்பிள்டன் 1930இல் வெளியிட்ட தமது நூலில், நுண்ணிய துகள்கள் திரண்டு மேகமாகி ஒரே மனத்துடன் சிந்திக்கும் செவ்வாய்க்கிரக உயிர்களைப் படைத்தார். அவை மனிதரோடு பொருதினும், அப்பகை இரு வேறு உயிரினங்கள் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளாமையின் விளைவாகவே பெரிதும் சித்திரிக்கப்பட்டது. கூட்டு மனம் அங்கு வியப்புக்குரியது, இன்னும் வில்லனாகவில்லை.

அதனை முழுமையான வில்லனாக்கிய படைப்புகளுள் முதன்மையானது 1951இல் வெளிவந்த றொபேட் ஹைன்லைனின் நாவலாகும். சனிக்கிரகத்தின் துணைக்கோளான டைட்டனிலிருந்து வரும் அட்டை போன்ற உயிர்கள் மனிதரின் முதுகில் ஒட்டிக்கொள்கின்றன. பற்றப்பட்டவனின் நினைவும் திறமையும் அழிவதில்லை; அவை புதிய எசமானுக்குப் பணிபுரிகின்றன. கதைநாயகனே ஒருமுறை அவ்வாறு பற்றப்படுகின்றான். அந்நிலையில் அவன் உணர்வது வேதனையன்று. பொறுப்பேதுமற்ற ஓர் அமைதி. ஒட்டுண்ணி அவன் வாய்வழியே பேசும்போதும் சமாதானத்தையும் நிறைவையுமே வாக்களிக்கின்றது. மனிதர் எதிர்ப்பது வலியை மட்டுமன்று, சுதந்திரத்தை விற்று வாங்கும் நிம்மதியையும் என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

இந்நாவல் தோன்றிய காலம் இதனை விளக்கும். 1950 பெப்ரவரியில் செனற்றர் ஜோசப் மக்கார்த்தி, அரசாங்கத்துக்குள்ளேயே கம்யூனிஸ்டுகள் மறைந்துள்ளனர் என முழங்கினார். அவ்வாண்டு யூன் மாதத்திற் கொரிய யுத்தம் மூண்டது. ‘மூளைச்சலவை’ என்னும் கருத்தை எட்வேட் ஹன்ரர் என்ற பத்திரிகையாளர் ஆங்கில வாசகரிடையே பரப்பியதும் அவ்வாண்டிலேயாகும். எதிரி எல்லைக்கு அப்பாலன்றி, அயலவனின் சட்டைக்குள் இருக்கின்றான் என்ற ஐயம் நாட்டையே ஆட்கொண்டிருந்தது. நாவலில் மக்கள் தம் முதுகைக் காட்டித் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியவராகின்றனர். நடைமுறையில் விசாரணைக் குழுக்களின் முன் நண்பரின் பெயர்களைக் கூறித் தம் விசுவாசத்தை மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

ஜக் பின்னியின் கதை 1954இல் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்து, 1955இல் நூலுருப் பெற்றது. இதில் விண்ணிலிருந்து வந்த விதைக்கூடுகள், உறங்கும் மனிதரின் பிரதிகளை உருவாக்குகின்றன. முகம் மாறுவதில்லை, பாசம் மட்டும் மறைந்துவிடுகின்றது. இப்பகைவனிடம் வெறுப்போ வெற்றிவெறியோ இல்லை. உயிர்வாழ்தல் ஒன்றே அதன் நோக்கம். அப்பிரதிகளுக்குச் சந்ததியில்லை, ஒரு கோளை வெறுமையாக்கிய பின் மற்றொன்றை நாடுதலே அவற்றின் வாழ்க்கை. 1956இல் டொன் சீகல் இதனைத் திரைப்படமாக்கினார். இதனைக் கம்யூனிசத்துக்கெதிரான எச்சரிக்கை எனச் சிலரும், மக்கார்த்தி காலத்து மந்தைத்தனத்தின் கண்டனம் எனச் சிலரும் கொண்டனர். பின்னியோ தமக்கு அரசியல் நோக்கமெதுவும் இருக்கவில்லை என்றார். முகமற்ற பகைவனுக்கு முகம் வழங்குவோர் வாசகரே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1989இல் ‘ஸ்ரார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் தோன்றிய ‘போர்க்’ இனம் அடுத்த கட்டத்தைக் குறிக்கின்றது. இயந்திரமும் உடலும் பிணைந்த இவ்வினத்தின் நோக்கம் உயிர்வாழ்தல் மட்டுமன்று, பூரணத்துவம். பிற இனங்களின் அறிவையும் ஆற்றலையும் தன்னுட் கரைத்துக்கொள்வதை அது கொடுமையாகக் கருதுவதில்லை. உயர்வு எனவே கருதுகின்றது. அச்சம் இங்கு அரசியற் கொள்கையை விட்டுத் தொழில்நுட்பத்தை நோக்கி நகர்கின்றது. 1996இல் வெளிவந்த திரைப்படத்தில் இக்கூட்டத்துக்கு ஓர் அரசி தோன்றினாள். கோடிக்கணக்கான மனங்களைத் தன்னுள் அடக்கியவள், தனக்கு நிகராக நிற்கும் ஒரு துணையைத் தேடுகின்றாள். எல்லாவற்றையும் தானாக்கிக் கொண்டபின் எஞ்சுவது தனிமையே என்ற முரண் இப்பாத்திரத்தின் வாயிலாக வெளிப்படுகின்றது.

இப்பகைவர் அனைவருக்கும் பொதுவான பண்பொன்றைத் தமிழ் இலக்கணம் தெளிவாகக் காட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய் நிற்கும் தன்மைப் பன்மை, தமிழில் இரண்டாகப் பிரிகின்றது. ‘நாங்கள்’ என்பது கேட்போனை விலக்கும். ‘நாம்’ என்பது அவனையும் உளப்படுத்தும். கூட்டு மனம் ‘நாங்கள்’ என்று வந்து, ‘நாம்’ என்று முடிக்க முனைகின்றது. அழிக்க வரும் பகைவனினும் இணைக்க வரும் பகைவன் கொடியவனாகத் தோன்றுவது இதனாலேயாகும். அவன் அழைப்பில் அன்பின் மொழி இருக்கின்றது. மறுக்கும் உரிமை மட்டும் இல்லை.

எனினும் இக்கற்பனை மனிதருக்கும் ஓர் ஆபத்தான சலுகையை வழங்குகின்றது. எதிரே நிற்பவனுக்குத் தனி மனமே இல்லை என்று முடிவு செய்துவிட்டால், அவனோடு பேசவேண்டியதில்லை; அவனைக் கொல்வது கொலையாகவும் தோன்றாது. ஹைன்லைனின் நாவல் டைட்டனை நோக்கிய போர்ப்பயணத்துடன் முடிவது தற்செயலன்று. இதற்கு மறுமொழிபோல் அமைந்தது 1992இல் ஒளிபரப்பான ‘ஸ்ரார் ட்ரெக்’ அத்தியாயமொன்று. சிறைப்பட்ட போர்க் இளைஞனொருவனைக் கருவியாக்கி அவ்வினம் முழுவதையும் அழிக்கத் திட்டமிடப்படுகின்றது. ஆனால் அவனுக்கு ‘ஹியூ’ என ஒரு பெயர் இடப்படுகின்றது. அவன் ‘நான்’ எனச் சொல்லக் கற்கின்றான். அதன்பின் அத்திட்டத்தை நிறைவேற்றக் கப்பற் தலைவனால் இயலவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, கூட்டு மனப் பகைவனின் நோக்கம் 1951இல் ஆதிக்கமாகவும், 1954இல் உயிர்வாழ்தலாகவும், 1989இல் பூரணத்துவமாகவும் அமைந்தமை தெளிவாகின்றது. ஒவ்வொன்றும் அதனைப் படைத்த சமுதாயத்தின் அச்சத்தையே பிரதிபலித்தது. ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே மனமாகக் காணும் பழக்கம் புனைகதைக்குள் அடங்கிக் கிடப்பதன்று. ‘அவர்கள் எல்லோரும் ஒன்றே’ என்னும் கூற்று எங்கு எழுந்தாலும், அங்கு ஒட்டுண்ணி யார் முதுகில் அமர்ந்துள்ளது என்பதைச் சொல்பவனே முதலிற் பார்த்துக்கொள்ளுதல் தகும்.