வானிலைக் காட்சி மென்பொருள் உட்பொதிப்பு

வானிலைக் காட்சி மென்பொருள் உட்பொதிப்பு என்பது, வானிலைத் தரவுகளை நிலப்படமாகவோ வரைபடமாகவோ அசைபடமாகவோ காட்டும் ஒரு மென்பொருளை, வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட செயலியின் உறுப்பாக இணைத்துக்கொள்வதாகும். வேளாண்மை, மீன்பிடி, பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளின் செயலிகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. படத்தை இணைப்பது எளிது. அப்படத்தின் நேரம், அலகு, தரவு மூலம், துல்லியத்தின் எல்லை ஆகிய விவரங்களையும் இழக்காமல் கொண்டுவருவதே கடினமானது. செட்டிநாடு போன்று மழையையும் கண்மாயையும் நம்பி வேளாண்மை நடைபெறும் பகுதிகளில் இவ்விவரங்கள் விடுபடுவது விதைப்பு முடிவையே பாதிக்கக்கூடும்.

வரலாறு

முப்பரிமாண வானிலைக் காட்சிக்கான தொடக்ககால மென்பொருள்களுள் ஒன்றான விஸ்5டி, 1980களின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் பில் ஹிப்பர்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கியதாகும். அது தனித்து இயங்கும் மென்பொருளாக இருந்தது. பின்னர் ஹிப்பர்டின் முயற்சியில் உருவான விஸ்ஏடி, பிற மென்பொருள்கள் தமக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஜாவா நிரலகமாக அமைந்தது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் உள்ள யூனிடேட்டா மையம் விஸ்ஏடியின் மேல் ஐடிவி என்னும் தரவுக் காட்சி மென்பொருளைக் கட்டியது. அந்த ஐடிவியையும் விஸ்ஏடியையும் உட்கொண்டு, செயற்கைக்கோள் படங்களுக்கான மெக்ஐடாஸ்-வி விஸ்கான்சினிலேயே உருவாக்கப்பட்டது. ஒன்றனுள் ஒன்றாகப் பொதிந்த இம்மூன்றும் உட்பொதிப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இணையத்தில் இம்முறை பரவுவதற்கு, 2000ஆம் ஆண்டில் வெளியான வலை நிலப்படச் சேவைத் தரம் (டபிள்யூஎம்எஸ்) காரணமாயிற்று. 2006இல் ஓப்பன்லேயர்ஸ், 2011இல் லீஃப்லெட் ஆகிய திறந்த மூல நிரலகங்கள் வந்தபின், உலாவியில் இயங்கும் எந்தப் பக்கத்திலும் வானிலை அடுக்கு ஒன்றைச் சேர்ப்பது சில வரி நிரலில் முடியும் வேலையாகியது.

முறைகள்

நடைமுறையில் மூன்று முறைகள் உள்ளன. முதலாவது, காட்சி நிரலகத்தைச் செயலியின் நிரலோடு சேர்ப்பது. இதில் செயலியே தரவைப் பெற்று வரைகின்றது. கட்டுப்பாடு முழுவதும் செயலியை எழுதியவரிடம் இருக்கும், உழைப்பும் அவருடையதே.

இரண்டாவது முறையில் காட்சி மென்பொருள் வழங்கியில் இயங்குகின்றது. செயலி கேட்கும்போது படம் வரையப்பட்டு அனுப்பப்படுகின்றது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) பயன்படுத்திய நேரடி அணுகல் வழங்கி இவ்வகையினது. அதன் உள்ளே படம் வரைவது ஃபெரட் என்னும் மென்பொருள். பயனர் அதன் பெயரைக்கூட அறியவேண்டியதில்லை. கிராட்ஸ் மென்பொருளும் திரையின்றித் தொகுதி முறையில் இயங்கவல்லது என்பதால் இவ்வாறு பயன்படுகின்றது.

மூன்றாவது, வேறொரு தளத்தின் பக்கத்தையே சட்டகமாகச் செயலிக்குள் காட்டுவது. 2014இல் தொடங்கப்பட்ட செக் நாட்டு விண்டி தளம் இதற்கான ஆயத்த நிரல்துண்டை வழங்குகின்றது. மூன்றனுள் மலிவானது இதுவே. ஆயினும் எந்த மாதிரியின் முன்னறிவிப்பு காட்டப்படுகின்றது, எந்த நிறம் எதைக் குறிக்கின்றது என்பவற்றைப் பெரும்பாலும் தளத்துக்கு உரியவரே தீர்மானிக்கின்றார்.

செட்டிநாட்டு எடுத்துக்காட்டு

காரைக்குடியை உள்ளடக்கிய சிவகங்கை மாவட்டத்தின் பரப்பு 4,000 சதுர கி.மீ.க்குச் சற்று மேற்பட்டது. ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 900 மி.மீ. ஆகும். இதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. அதற்கு முன் ஆவணி, புரட்டாசி மாதங்களில் மாலை நேர இடிமழை பெய்யும். ஓர் ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறலாகக்கூட இராமற் போவது இப்பகுதியில் இயல்பு. மானாவாரி நெல்லை நேரடியாக விதைப்பவர்கள் மழையை எதிர்பார்த்தே விதைக்கின்றனர். எதிர்பார்த்த மழை தவறினால் விதை வீணாகும்.

உலகளாவிய மாதிரிகளின் தரவு பரவலாகக் கால் பாகை இடைவெளிக் கட்டங்களாகக் கிடைக்கின்றது. இக்கட்டம் ஏறக்குறைய 28 கி.மீ. அகலமுடையது, முழு மாவட்டத்துக்கும் ஐந்து அல்லது ஆறு கட்டங்களே அமையும். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்கள் யாவும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் காட்சி மென்பொருள் கட்டங்களுக்கு இடையே நிறத்தை இழைத்து நிரப்புகின்றது. செயலியில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்குத் தெருவுக்குத் தெரு மழை வேறுபடுவதுபோல் தோன்றும். அவ்வேறுபாடு தரவில் இல்லாதது, வரைதலில் பிறந்தது. இந்தியாவில் 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்டம் 6 கி.மீ. ஆகும். அதன்படி மாவட்டத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் கிடைக்கும். அப்போதும் தனி ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்புக்குத் தனி முன்னறிவிப்புக் கிடைத்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

ரேடார் படங்களுக்கும் இத்தகைய எல்லை உண்டு. காரைக்குடியிலிருந்து காரைக்கால் ரேடார் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளது. அரைப் பாகைச் சாய்வில் செல்லும் கதிர், புவியின் வளைவினால், காரைக்குடியை அடையும்போது தரையிலிருந்து சுமார் இரண்டரை கி.மீ. உயரத்தில் இருக்கும். எனவே தாழ்ந்த மேகத்தின் மழை படத்தில் தெரியாமலும், மேலே தெரியும் மழை தரைக்கு வருமுன் ஆவியாகியும் போகலாம். ரேடார் தளத்தில் தொலைவு வட்டங்களோடு காட்டப்படும் படம், வட்டங்கள் நீக்கப்பட்டுச் செயலிக்குள் வரும்போது இக்குறிப்பு மறைந்துவிடுகின்றது.

நேரமும் நாளும்

மாதிரித் தரவுகளும் செயற்கைக்கோள் படங்களும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் (யூடிசி) குறிக்கப்படுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. 12:00 எனக் குறிக்கப்பட்ட படம் மாலை 5:30க்கு உரியதாகும். இதைவிடக் குழப்பமானது நாள் கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை, காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை பெய்த மழையை அளவிட்டு, அளவிட்ட நாளின் பெயரில் பதிகின்றது. அனைத்துலக நேர நாளோ இந்தியாவில் காலை 5:30க்குத் தொடங்குகின்றது. அக்டோபர் 9 மாலை ஆறு மணிக்குக் காரைக்குடியில் பெய்த மழை, மாதிரி வரைபடத்தில் 9ஆம் நாளிலும் மழைமானிப் பதிவில் 10ஆம் நாளிலும் இடம்பெறும். இரண்டையும் ஒரே செயலியில் அருகருகே பொதித்தால் முன்னறிவிப்புத் தவறியதுபோலத் தோன்றும். நாள் எல்லையைப் பொருத்திய பின்னரே இரண்டையும் ஒப்பிடவேண்டும்.

நிறங்கள்

வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கைக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நான்கு நிறங்களைப் பயன்படுத்துகின்றது. இவை எடுக்கவேண்டிய நடவடிக்கையைக் குறிப்பவை. மழையளவுக்கு வேறு வரையறை உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை எனப்படும். பொதிக்கப்பட்ட படத்தின் நிறவரிசையோ மென்பொருளை எழுதியவரின் தெரிவு. அதில் 20 மி.மீ. மழைகூடச் சிவப்பாக இருக்கலாம். பயனர் அதைச் சிவப்பு எச்சரிக்கையாகக் கொள்வார். பேரிடர்க் காலச் செயலிகளில் இது சிறு குறையன்று. நிறவரிசையை மாற்றியமைக்க இடம்தராத காட்சிக் கூறுகளை அத்தகைய செயலிகளில் தவிர்ப்பது நல்லது.

தமிழில் காட்டுதல்

2019இல் வெளியிடப்பட்ட மேக்தூத் செயலி வேளாண் வானிலை ஆலோசனைகளை வட்டார மொழிகளில் வழங்க உருவாக்கப்பட்டது. உரையைத் தமிழாக்குவது போன்று நிலப்படத்தைத் தமிழாக்குவது எளிதன்று. கிராட்ஸ் மென்பொருளின் பழைய கோட்டெழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. வரைகலைச் செயலகத்தால் வரையப்படும் சில புதிய நிலப்பட நிரலகங்களிலும் கொம்பும் துணைக்காலும் இடம்மாறி நிற்பது நீண்டகாலக் குறையாக இருந்தது. படத்தின் மேல் ஊர்ப் பெயர்களை உலாவியின் உரையாகத் தனி அடுக்கில் இடுவது பொதுவான மாற்றுவழி.

அடிப்படை நிலப்படத்தின் நாட்டு எல்லையும் கவனிக்கத்தக்கது. இந்தியாவின் எல்லையை அரசு வெளியீட்டுக்கு மாறாகக் காட்டுவது 1961ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி குற்றமாகும். பல அனைத்துலகத் தளங்களின் நிலப்படங்கள் அவ்வாறே வரையப்பட்டுள்ளன. சட்டகமாகப் பொதிக்கும்போது அதைத் திருத்த வழியில்லை.

நிலைப்பு

பொதிக்கப்பட்ட மென்பொருள் நின்றுபோனால் பொதித்த செயலியும் பாதிக்கப்படுகின்றது. உலாவிக்குள் ஜாவா குறுநிரலாக இயங்கிய காட்சிகள், குரோம் உலாவி 2015இல் பழைய செருகுநிரல் ஆதரவைக் கைவிட்டதும் அதில் திறக்கவில்லை. 2018இல் வெளியான ஜாவா 11இல் குறுநிரல்களை இயக்கும் பகுதியே நீக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் நிதி வருவதில் ஏற்பட்ட இடைவெளியால் யூனிடேட்டா தன் பெரும்பாலான பணிகளை இடைநிறுத்தியது. தரவைத் தனியாகவும் வரைதலைத் தனியாகவும் பிரித்து எழுதப்பட்ட செயலிகளில், ஒரு காட்சிக் கூறு நின்றுபோனால் வேறொன்றைப் பொருத்திக்கொள்ள முடியும்.