கவசத்தின் உட்புறம்: மறந்துபோன ஒரு சொல்லை முன்வைத்து

ஒரு சொல் எனக்கு மறந்துபோயிற்று. ஆங்கிலச் சொல். குண்டு கவசத் தகட்டைத் துளைக்காமல் வெளியே மோதி நின்றுவிடுகிறது. ஆனால் தகட்டின் உட்புறத்திலிருந்து இரும்புத் துணுக்குகள் பிய்த்துக்கொண்டு பாய்ந்து உள்ளே இருப்பவனைக் கொல்கின்றன. இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் உண்டு. எப்போதோ படித்தபோது பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. சொல் மட்டும் இல்லை.

போர் எதிர்ப்புச் சிறுவெளியீடு ஒன்றுக்காகக் கவச வாகனங்களின் வரலாற்றைப் பத்துப் பக்கத்தில் எழுதித் தருவதாகத் தோழர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். நாலாம் பக்கத்தில், இந்த இடத்தில், பேனா நின்றுவிட்டது. 'சிதறல்' என்று எழுதினால் குண்டு சிதறியதாக அர்த்தம் வருகிறது. 'விரிசல்' பொருந்தவில்லை. 'உடைவு' என்றால் கவசமே போய்விட்டது என்றாகும். இங்கே கவசம் போகவில்லை என்பதுதானே விஷயம்.

சங்கடம் சொல் மறந்ததில்கூட இல்லை, மறக்காதவை எவை என்பதில் இருக்கிறது. 1863-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைத் தாக்கிய இரும்புக் கப்பல்கள் ஒன்பது என்பது ஞாபகம் இருக்கிறது. அட்மிரலின் பெயர் டு பான்ட் என்பதும், முதல் பிரிட்டிஷ் டாங்கியின் எடை 28 டன் என்பதும், பீரங்கிக் குழல்களின் விட்டங்கள் மில்லிமீட்டரிலும் ஞாபகம் இருக்கின்றன. தமிழ் எம்.ஏ. படித்த ஓர் ஆசாமிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் போர் வரலாறு நமக்குள் இறங்கும் விதமே இப்படித்தான். துளைக்கிற கருவிகளின் பெயர்கள் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருந்தவர்களுக்கு நேர்ந்ததன் பெயர் உதிர்ந்துவிடுகிறது. இதை என் தனிப்பட்ட ஞாபகக் குறை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

சார்ல்ஸ்டனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகம் அது. வடக்கின் கடற்படை 1863 ஏப்ரல் 7 அன்று சம்டர் கோட்டையைத் தாக்கியது. தாக்கிய கப்பல்களில் ஏழு, மானிட்டர் வகையைச் சேர்ந்தவை: தண்ணீரோடு தண்ணீராகத் தட்டையான உடல், நடுவே சுழலும் இரும்புக் கோபுரம், கோபுரத்தின் உச்சியில் கப்பலைச் செலுத்துகிறவர்கள் நிற்கும் சின்ன உருளை அறை. அந்த அறையின் சுவர் ஓர் அங்குலத் தகடுகள் எட்டை அடுக்கி போல்ட்டு போட்டு முடுக்கியது. மொத்தம் 8 அங்குல இரும்பு. வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடப் பத்திரமான இடம் அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது என்று தோன்றும்.

நஹாண்ட் என்ற மானிட்டர் அன்று 36 அடிகள் வாங்கியது. ஓர் அடியில் அந்த அறையின் போல்ட்டு ஒன்று தெறித்து உள்ளே பாய்ந்தது. அங்கே நின்றிருந்த குவார்ட்டர் மாஸ்டர் எட்வர்ட் கோபின் உயிர் அதில் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, வாக்னர் கோட்டைக்கு எதிரே, கேட்ஸ்கில் என்ற இன்னொரு மானிட்டர். குண்டு அறையின் மேல்தகட்டில் மோதியது. வெளித்தகடு பிளந்தது. உள்தகட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சதுர அடி இரும்பு பெயர்ந்து, போல்ட்டுகளோடு சேர்ந்து கீழே பாய்ந்தது. கமாண்டர் ஜார்ஜ் ராட்ஜர்ஸும் கணக்கு அதிகாரி உட்பரியும் நின்ற இடத்திலேயே செத்தார்கள்.

இரண்டு இடத்திலும் எதிரியின் குண்டு உள்ளே வரவில்லை. ஆட்களைக் கொன்றது அவர்களுடைய சொந்தக் கப்பலின் இரும்பு.

கவசத்தைப் பற்றிய சொல்லாடல் ரொம்ப காலம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது: துளைத்ததா, துளைக்கவில்லையா? இந்தக் கேள்வி தகட்டின் வெளிப்பக்கம் நின்று கேட்கப்படுவது. தகட்டைச் செய்தவனும் விற்றவனும் வாங்கியவனும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். 'துளைக்கவில்லை' என்றால் கவசம் வென்றது, கணக்கு முடிந்தது. கோப் செத்தது கவசத்தின் தோல்வி ஆகாது, போல்ட்டின் கோளாறு ஆகும். (ஃபூக்கோவை இழுக்காமலே இதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் மன்னிக்க.)

அரை நூற்றாண்டு கழித்து 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்முனையில் முதல் டாங்கிகள் இறங்கின. 6 முதல் 12 மில்லிமீட்டர் தகடு, எட்டுப் பேர், அவர்களோடு அதே அறையில் திறந்த இஞ்சின். உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தொடும். துப்பாக்கி ரவை வெளியே பட்டால் உள்பக்கத்தில் இரும்புச் செதில் கிளம்பும். ரவையின் ஈயம் தகடுகளின் இணைப்பு இடுக்கு வழியாகத் துளித்துளியாகத் தெறிக்கும். கண் போகும். ஆகவே டாங்கிக்காரர்களுக்கு ஒரு முகமூடி கொடுத்தார்கள்: தோல் உறை, கண்ணுக்கு மேல் கீறல் விட்ட இரும்பு, வாயை மறைக்க இரும்பு வளையங்களைக் கோத்த திரை. இடைக்காலத்துக் குதிரைவீரனின் வலைக்கவசம், இருபதாம் நூற்றாண்டு இயந்திரத்துக்குள், அந்த இயந்திரத்திடமிருந்தே மனிதனைக் காக்கத் திரும்பி வந்திருக்கிறது. இந்த முகமூடிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். டாங்கியைப் பற்றிய எந்தப் பெருமைப் பேச்சையும் விட எனக்கு இந்த முகமூடி நம்பத்தகுந்த ஆவணமாகப் படுகிறது.

காரணத்தை விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சன். ராயல் சொசைட்டியின் 1914-ஆம் ஆண்டுக் கட்டுரை. கேரம் காய்களை ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக வைத்து முதல் காயில் ஸ்ட்ரைக்கரை அடித்தால் நடுவில் உள்ளவை அசையாது, கடைசிக் காய் மட்டும் எகிறிப் போகும் அல்லவா, ஏறக்குறைய அதுதான். அடியின் அழுத்தம் அலையாக இரும்புக்குள் ஓடுகிறது. மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் அதற்கப்பால் இரும்பு இல்லை, காற்றுதான். அலை திரும்புகிறது, திரும்பும்போது இழுவிசையாகத் திரும்புகிறது. நசுக்கலைத் தாங்கும் இரும்பு அந்தத் திடீர் இழுப்பைத் தாங்காமல் உள்பக்கத்தில் பெயர்ந்து விழுகிறது.

இது தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? தடுக்க வழி தேடுவதற்கு முன், இதையே ஆயுதமாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது டென்னிஸ்டன் பர்னி என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய குண்டு துளைக்க முயல்வதே இல்லை. அதன் உள்ளே இருக்கும் குழைவான வெடிமருந்து, சுவரில் வறட்டி தட்டியதுபோலத் தகட்டின்மேல் அப்பிக்கொள்கிறது. அப்புறம் வெடிக்கிறது. தகடு அப்படியே இருக்க, உள்பக்கம் பெயர்ந்து உள்ளே இருப்பவர்கள்மேல் பாய்கிறது. காங்கிரீட் சுவருக்கென்று யோசிக்கப்பட்டது, டாங்கிகளுக்கு வந்து சேர்ந்தது. எங்கோ ஐரோப்பாவின் சமாச்சாரம் என்று ஒதுங்கவும் முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கட்டப்பட்ட அர்ஜுன் டாங்கியின் 120 மி.மீ. பீரங்கி சுடுகிற குண்டுகளில் இந்த வகையும் உண்டு.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் எழுதியவரைக்கும் படித்தேன். இந்த இடத்தில் சொல் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சைகையில் விளக்கினேன். கட்டடத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வரும் ஒரு கொத்தனார் அண்ணன் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "இதென்ன தோழர், நம்ம காலனி வீட்டுல தினமும் நடக்கிறதுதானே. மேல மொட்டைமாடியில ஒண்ணும் தெரியாது. கீழ காரை பேர்ந்து தலையில விழும். உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுதுல்ல, அது தள்ளிரும்."

காரை பெயர்தல்! பொறியாளர்கள் காங்கிரீட்டுக்கு எழுதும் அதே சொல்தான் நான் தேடியது. ஸ்பாலிங். அந்த நிமிஷமே வந்துவிட்டது.

வந்த பிறகு அதன் வேரைத் தேடினேன். ஸ்பால் என்றால் கல் சில்லு. கார்ன்வால் பகுதியின் செம்பு, தகரச் சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பாலிங் என்பது ஒரு வேலையின் பெயர். சுரங்கத்திலிருந்து மேலே வந்த தாதுப் பாறையைச் சுத்தியலால் சிறுகல்லாக உடைப்பது. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், இளம்பெண்கள். நம் ஊர்ச் சாலையோரத்தில் ஜல்லி உடைத்த பெண்களை நினைத்துக்கொண்டால் போதும். கல் உடைத்தவர்களின் சொல் கவசத்தின் கலைச்சொல் ஆகியிருக்கிறது, அவர்கள் அடையாளம் அதில் மிஞ்சவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் இதற்கே இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள்: ஸ்கேப்பிங். புண்ணின் பொருக்கு என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பொருக்கு என்பது காய்ந்த புண்ணுக்கும் உண்டு, வெடித்து எழும்பிய மண்ணுக்கும் உண்டு. ஆகவே சிறுவெளியீட்டில் 'உட்பொருக்கு' என்று எழுதினேன்.

பழந்தமிழில் கவசத்துக்கு மெய்ம்மறை என்று பெயர். மெய்யை மறைப்பது. பதிற்றுப்பத்து சேர அரசனையே வீரர்களுக்கு மெய்ம்மறை என்று புகழ்கிறது. எதிரியின் கண்ணிலிருந்து மெய்யை மறைப்பது சரி, கணக்கிலிருந்தும் மறைக்கிறதே என்று அந்தப் பெயரைப் படிக்கும்போது இப்போது உறுத்துகிறது. சிற்றிதழ் வழக்கப்படி இதை இப்படியே நீட்டி, தேசம், சாதி, குடும்பம் என்று எல்லாவற்றையும் கவசத்தின் உருவகமாக்கி விடலாம். நான் அதற்குள் போகவில்லை. கோபின்மேல் பாய்ந்தது போல்ட்டு.

அடுத்த கூட்டத்தில் முழுக் கட்டுரையையும் படித்தேன். கொத்தனார் அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "உள்பக்கம் நாலு சாக்கை மடிச்சுக் கட்டித் தொங்கவிட்டிருந்தா இவ்வளவு வேகமா வந்து அடிச்சிருக்குமா?" பிற்காலக் கவச வாகனங்களில் கெவ்லார் போன்ற இழைத்துணியை அடுக்கி உள்சுவரில் பொருத்துகிறார்கள், ஏறக்குறைய நீங்கள் சொல்வதுதான் என்றேன். கெவ்லார் 1965-இல் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, 'உட்பொருக்கு' யாருக்கும் புரியாது, 'காரை'ன்னே போட்டிருக்கலாம் என்றார். அச்சுக்குப் போகுமுன் அப்படியே மாற்றினேன்.