வெண்கல நிறத்து மணிகள்

மக்காச்சோளம் என்றதும் நம் கண்முன் நிற்பவை மஞ்சள் மணிகள்தாம். ஆனால், அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடி மக்கள் வழிவழியாகப் பயிரிட்டுக் காத்த வகைகளில் கருஊதா, சிவப்பு, நீலம் எனப் பல நிறத்து மணிகள் உண்டு. இத்தகைய ஊதாக் கதிர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மரபியலாளர்கள், சில மணிகள் ஊதாவாக மாறாமல் மங்கிய பழுப்பாகவே நின்றுவிடுவதைக் கண்டனர். தேய்த்துத் துலக்காத பாத்திரத்தின் நிறம். இதற்குக் காரணமான மரபணுவுக்கு 'வெண்கலம்' என்றே பெயர் வைத்தார்கள். ஊதாவுக்கும் வெண்கலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறு என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று நாடுகளில், ஒன்றையொன்று அறியாத மூன்று தேடல்கள் தேவைப்பட்டன.

முதல் தேடல் ஜெர்மனியில் நடந்தது. ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர் என்ற வேதியியலாளர் 1913 முதல் மலர்களின் நிறமிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். செந்நிறத்தையும் நீலத்தையும் தரும் ஆந்தோசயனின்கள் ஃபிளேவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை ஒவ்வொன்றும் ஒரு நிறக்கருவும் அதனுடன் பிணைந்த சர்க்கரையும் சேர்ந்தவை என்று அவர் காட்டினார். தாவர நிறமிகள் குறித்த ஆய்வுகளுக்காக, அவற்றுள் தலையாய பச்சையத்துக்காக, 1915ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சர்க்கரை இருப்பது தெரிந்தது. தாவரம் அதை எவ்வாறு கொண்டுவந்து பொருத்துகிறது என்பது தெரியவில்லை.

இரண்டாவது தேடலின் களம் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ். லூயிஸ் லெலுவார் அங்கே ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். கயிறு கட்டி ஒட்டுப்போட்ட நாற்காலியில் அமர்ந்து அவர் வேலை செய்யும் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. அந்த எளிய கூடத்தில்தான் 1950இல் அவரும் தோழர்களும் யுடிபி குளுக்கோஸ் என்னும் பொருளை அடையாளம் கண்டனர். தனித்த குளுக்கோஸ் சோம்பேறி. தானாகப் போய் எதனுடனும் ஒட்டாது. யுடிபி என்னும் சுமைதாங்கியின் தோளில் ஏறிவிட்டால், உரிய நொதி அதை இறக்கி வேறொரு மூலக்கூறின் மீது ஏற்றிவிடும். லெலுவாருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலில் சர்க்கரை எவ்வாறு கையாளப்படுகிறது என்று தேடியவருக்கு, பூக்களின் நிறத்துக்கான விடையும் அதே கூடையில் கிடந்தது.

மூன்றாவது தேடல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், ஒரு பெண்ணின் சோள வயலில் நிகழ்ந்தது. பார்பரா மெக்லிண்டாக் 1940களில் வண்ண மணிகளின் புள்ளிகளையும் திட்டுகளையும் ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தார். மரபணுக்கள் மாலையில் கோத்த மணிகளைப்போல் அசையாமல் இருப்பவை என்று அறிவியல் உலகம் நம்பியிருந்த காலம் அது. சில கூறுகள் ஓரிடம் விட்டு ஓரிடம் தாவுகின்றன என்றும், தாவிச் சென்று அமரும் மரபணுவின் வேலையை முடக்குகின்றன என்றும் அவர் 1950இலும் 1951இலும் அறிவித்தார். பெரும்பாலோர் அதைப் புரிந்துகொள்ளவில்லை. 1953க்குப் பின்னர் தம் முடிவுகளை இதழ்களில் விரிவாக எழுதுவதையே அவர் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். ஆய்வை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் கூர்ந்து நோக்கிய மரபணுக்களில் வெண்கலமும் ஒன்று. தாவும் கூறு அதனுள் நுழைந்தால் மணி பழுப்பாகிவிடும். மணி வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஏதேனும் ஓர் உயிரணுவில் அக்கூறு வெளியேறிவிட்டால், அந்த உயிரணுவின் வழித்தோன்றல்கள் மட்டும் ஊதா நிறம் பெறும். முன்னதாக வெளியேறினால் பெரிய திட்டு. பிந்தி வெளியேறினால் சிறு புள்ளி. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிகழ்ச்சியின் நேரக் குறிப்பு ஒவ்வொரு மணியின் தோலுக்கடியிலும் எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர்.

மூன்று தேடல்களும் 1977இல் சந்தித்தன. ஃபிளேவனாய்டு கருவின் மூன்றாம் இடத்தில், யுடிபியிடமிருந்து குளுக்கோஸைப் பெற்றுப் பொருத்தும் நொதியே வெண்கல மரபணுவின் விளைபொருள் என்று காட்டப்பட்டது. ஹூகோ டூனரும் ஆலிவர் நெல்சனும், தாவும் கூறுகள் நுழைந்த விதைகளில் அந்நொதி மாறுதலுக்குள்ளாவதை அளந்து காட்டினர். சர்க்கரை ஏறாத நிறக்கரு நிலையற்றது. உயிரணுவின் நீர்ப்பைக்குள் ஊதாவாகச் சேர வேண்டியது சேராமல் போக, பழுப்பே எஞ்சுகிறது. வில்ஷ்டெட்டரின் சர்க்கரையும், லெலுவாரின் சுமைதாங்கியும், மெக்லிண்டாக்கின் புள்ளிகளும் ஒரே கதையின் பகுதிகள் என்பது அப்போது விளங்கிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1983இல், தம் 81ஆம் வயதில், மெக்லிண்டாக் எவருடனும் பகிராமல் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே நீனா ஃபெடராஃபும் நெல்சன் குழுவினரும், அவர் கண்டறிந்த தாவும் கூறைத் தூண்டிலாகக் கொண்டு வெண்கல மரபணுவைச் சோளத்தின் மரபுத்தொகுதியிலிருந்து பிரித்தெடுத்தனர். ஒருகாலத்தில் நம்ப மறுக்கப்பட்ட கூறு, மரபணுக்களைத் தேடிப் பிடிக்கும் கருவியாகிவிட்டது.

இன்று இந்த நொதியின் உறவினர்கள் தாவர உலகெங்கும் அறியப்பட்டுள்ளனர். அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடி ஒன்றிலேயே இக்குடும்பத்து மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். செந்திராட்சையில் இதே வேலையைச் செய்யும் நொதியின் முப்பரிமாண வடிவம் 2006இல் வெளியாயிற்று.

மெக்லிண்டாக்கின் வாழ்வை எழுதுவோர் அவருடைய தனிமையைப் பேசுவார்கள், அது நியாயமே. ஆனால் அவருக்குச் சான்று சொல்ல ஓர் ஓசையற்ற சாட்சி தொடக்கம் முதலே உடனிருந்தது. சர்க்கரையை ஏற்றினால் ஊதா, ஏற்றாவிட்டால் பழுப்பு என்று ஒளிவுமறைவின்றி நிறத்தால் பேசிய ஒரு நொதி. அந்தச் சாட்சியின் பெயர் தெரிவதற்கு முன்பே அதன் சொல்லை அவர் நம்பினார். மற்றவர்கள் அதைக் கேட்கத்தான் கால் நூற்றாண்டு ஆயிற்று.