கல்லணை சாலையில் புல்லட்

புல்லட் ஓட்டிய நம் வயதுக்காரர்களுக்கு வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் நினைவிருக்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி அது. 1955-ல் ராயல் என்ஃபீல்டு கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, சென்னைக்கு வந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை.

ஒற்றை சிலிண்டர், 346 சி.சி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90. அதனால் பாய்ச்சல் குறைவு, இழுவை அதிகம். திருவானைக்காவல் தாண்டிக் கல்லணை போகும் சாலையில் அதன் அருமை தெரியும். மாட்டு வண்டிக்காக வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் குறைத்தாலும் டாப் கியரிலேயே திணறாமல் மறுபடி கிளம்பும்.

ஸ்டார்ட் செய்வதுதான் வித்தை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, பிறகு உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் காலைப் பதம் பார்த்துவிடும்.

1970-களின் தொடக்கத்தில் தாய்க் கம்பெனியே இல்லாமல் போனது. திருவொற்றியூர் வண்டி மட்டும் நிற்காமல் ஓடியது. நம் சாலைகளுக்கு அந்த இழுவை போதுமானதாக இருந்தது.